கல்யாணத்துக்கு முன்னால் கண் ஓரத்தை மாற்றிக்கொள்ளலாமா?

வியாசர்பாடியிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவருடைய அப்பாவின் அம்மா ரங்கூனில் பிறந்த பர்மாக்காரர். 1960-களில் பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பாட்டியின் கண் பேத்திக்கு அப்படியே வந்திருக்கிறது. மேலிமையிலிருந்து இறங்கும் சிறிய தோல் மடிப்பு ஒன்று, மூக்கை ஒட்டிய கண் மூலையை மூடியிருக்கிறது. பள்ளியில் 'சைனா' என்றும் 'நேபாளி' என்றும் கூப்பிட்டார்கள். இப்போது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். வாடிக்கையாளர்கள் சிலர் இவரிடம் இந்தியில்தான் பேச ஆரம்பிக்கிறார்களாம். தை மாதம் கல்யாணம். இன்னும் ஏழு வாரம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை, "எல்லாம் சரி, கண்ணுதான் கொஞ்சம் இடுங்கின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை.

ரீல்ஸ் பார்த்து ஓர் அழகு சிகிச்சை கிளினிக்குக்குப் போயிருக்கிறார். 85,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள்: கண்ணின் உள்மூலையைத் திறந்துவிடுவது, கடைக்கண்ணை மேல்நோக்கி இழுத்துத் தைப்பது, கூடவே புருவத்துக்கு இலவசமாகப் போடாக்ஸ் ஊசி. "ஒரு மணி நேர வேலை, தழும்பு தெரியாது, பத்து நாளில் மேக்கப் போடலாம், பிடிக்கலேன்னா பழையபடி மாத்திடலாம்" என்று அங்கே சொன்னார்களாம். 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டி, இரண்டு வாரம் கழித்து அறுவைக்குத் தேதி குறித்து, படித்துப் பார்க்காமல் ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். மீதிப் பணத்துக்குச் செயினை அடகு வைக்க யோசனை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

பார்வைக்கு ஆபத்து உண்டா, பிடிக்காவிட்டால் மாற்ற முடியுமா, இதையே எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் முதல்வர் காப்பீட்டில் செய்வார்களா, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, அம்மாவிடம் சொல்லாமல் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். "ஒரு வருஷமா சாயங்காலம் கடை மூடுற நேரத்துக்கு இடது கண் இன்னும் சின்னதாயிடுது, காலையில எழுந்தா சரியா இருக்கு, கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கறதாலன்னு நெனைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கண் மருத்துவராக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அத்தையின் பேச்சு அல்ல, இந்த வரிகள்தான்.

மாலையில் இறங்கும் இமை

பிறவியிலேயே வந்த தோல் மடிப்பு காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இருக்காது. இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசைதான் நேரத்துக்கு ஏற்ப மாறும். ஓய்வுக்குப் பிறகு சரியாக இருந்து, பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்து இறங்குகிற இமையைப் பார்த்தால், மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற நோய் இருக்கிறதா என்று நாங்கள் சோதிக்காமல் விடமாட்டோம். நரம்பு தன் கட்டளையை அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம் தசைக்கு அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இந்த நோய். இளம் பெண்களிடம் நாங்கள் இதை அதிகம் பார்க்கிறோம். பெரும்பாலும் கண்ணில்தான் முதலில் தெரியும். சிலருக்குப் பிறகு இரட்டைப் பார்வை, விழுங்குவதில் சிரமம், பேசப் பேசக் குரல் குழறுவது என்று பரவும்.

உங்களுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. கண் வறட்சி, இமைத் தசை லேசாகத் தளர்ந்திருப்பது, பல வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பேக்கேஜில் 'இலவசம்' என்று சேர்த்திருக்கிறார்களே போடாக்ஸ், அது செய்வதும் நரம்பு தசைக்கு அனுப்பும் அதே கட்டளையைத் தடுப்பதுதான். மயஸ்தீனியா உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் இமை முழுவதுமாக இறங்கிவிடலாம். விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடப் பாதிக்கப்படலாம். காலைக்கும் மாலைக்கும் கண்ணில் வித்தியாசம் தெரிகிறதா என்று அந்த கிளினிக்கில் யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

பரிசோதனை சிரமமானது அல்ல. தலையை அசைக்காமல் ஓரிரு நிமிஷம் மேலேயே பார்க்கச் சொல்வோம், இமை சோர்ந்து இறங்குகிறதா என்று கவனிப்போம். மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் ஐஸ் பை வைத்தெடுத்து, இமை உயர்ந்திருக்கிறதா என்று அளப்போம். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை. நோய் இருந்தாலும் மாத்திரைகளால் கட்டுக்குள் வைக்க முடியும். கல்யாணம், குழந்தை, வேலை எதுவும் இதனால் நின்றுபோகாது. ஆனால் இது தெளிவாகும் வரை போடாக்ஸும் வேண்டாம், கண்ணில் கத்தியும் வேண்டாம். இந்த ஒரு காரணமே அறுவைத் தேதியை ரத்து செய்யப் போதும்.

உள்மூலையில் என்ன இருக்கிறது

இப்போது மடிப்புக்கு வருகிறேன். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பலருக்கு இருக்கும் இயல்பான அமைப்பு இது. நம் ஊரிலும் பல கைக்குழந்தைகளுக்கு இருக்கும். மூக்குத்தண்டு வளர வளர மறைந்துவிடும். "பிள்ளைக்கு மாறுகண் டாக்டர்" என்று பதறிக்கொண்டு தூக்கி வருகிற தாய்மார்களில் பலருக்கு, விழி நேராகத்தான் இருக்கிறது, மடிப்பு உள்பக்க வெள்ளையை மறைப்பதால் அப்படித் தெரிகிறது என்று டார்ச் அடித்துக் காட்டி அனுப்புவது என் அன்றாட வேலை. மடிப்பு பார்வையைக் குறைக்காது, கண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. உங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் 'குறை' என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத்தில் இதற்கு அந்தப் பெயர் இல்லை.

இந்த அறுவையே தவறு என்பது என் கருத்து அல்ல. ஜப்பானில் மேலிமையில் மடிப்புக்கோடு உண்டாக்கும் அறுவையை (இது உங்கள் மூலை மடிப்பு அல்ல, வேறு) மிகாமோ என்ற மருத்துவர் 1896-லேயே எழுதி வைத்திருக்கிறார். கொரியாவில் அந்த அறுவையோடு உள்மூலையைத் திறப்பதும் சேர்ந்தே நடக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர் கையில், சரியான ஆளுக்குச் செய்தால், பலன் நன்றாகவே இருக்கும். நான் மறுப்பது, உங்களுக்குச் சொல்லப்பட்ட 'ஒரு மணி நேர வேலை' என்ற வர்ணனையை.

அந்த மூலையில் தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இடம் மாற்றித் தைக்க வேண்டும். மேல் இமையிலும் கீழ் இமையிலும் மூலையிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணீர் வடிகிற துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து நூல்போன்ற குழாய்கள் மூக்கை நோக்கி ஓடுகின்றன. கத்தி அந்தக் குழாயைத் தொட்டுவிட்டால், அழாமலேயே கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவை. கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புச் சதை துருத்திக்கொண்டு தெரியும், முறைத்துப் பார்ப்பதுபோல் முகம் மாறிவிடும்.

தழும்பு தெரியாது என்பதும் சரியல்ல. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே தோல் இழுபட்டு நிற்கிற இடம் அது. நம்மைப்போன்ற மாநிறத் தோலில் தையல் போட்ட இடம் முதல் சில மாதங்கள் சிவந்தோ கறுத்தோ தடித்தோ இருக்கும். நன்றாக ஆறி மங்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். உங்கள் தேதிப்படி அறுவை முடிந்து ஐந்து வாரத்தில் கல்யாணம். தழும்பு மிக எடுப்பாகத் தெரிகிற கட்டத்தில்தான் நீங்கள் போட்டோ லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள்.

கடைக்கண்ணைத் தூக்கித் தைப்பது

எனக்கு உள்மூலையைவிட இதில்தான் கவலை அதிகம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கொடிக்கயிறுபோல, உள்மூலையிலும் வெளிமூலையிலும் எலும்போடு கட்டப்பட்ட தசைநார்களுக்கு நடுவே உங்கள் இமைகள் நிற்கின்றன. வெளிப்பக்கக் கட்டு எலும்பு விளிம்பின் உள்பக்கத்தில், கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அதனால்தான் இமை விழியோடு ஒட்டிப் படிகிறது. கான்தோபிளாஸ்டி என்றால் அந்தக் கட்டை அறுத்து, வேறு உயரத்தில் திரும்பக் கட்டுவது.

இந்த அறுவை கண் மருத்துவத்தின் அருமையான கருவிகளில் ஒன்று. முகவாதம் வந்து கண் மூட முடியாதவர்கள், தொழுநோயால் இமை செயலிழந்தவர்கள், வயதாகிக் கீழிமை வெளிப்பக்கம் பிதுங்கியவர்கள் என்று எத்தனையோ பேரின் கருவிழியை இது காப்பாற்றியிருக்கிறது. இன்று உலகமெங்கும் செய்கிற முறை 1979-ல் வெளியானது. ஆனால் அது தளர்ந்துபோன இமையை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர உருவான அறுவை. உங்கள் இமை தளரவில்லை. இயல்பாகவே பெரும்பாலோருக்குக் கடைக்கண் உள்மூலையைவிட 2 மில்லிமீட்டர் அளவுக்கு உயரமாகத்தான் இருக்கும். அதை இன்னும் ஏற்றினால் கண் முழுவதாக மூடாமல் போகலாம், கூர்மையான மூலை உருண்டுவிடலாம், கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியலாம், விழியின் வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய படலம் வாரக்கணக்கில் வீங்கி நிற்கலாம், இரண்டு கண்ணும் இரண்டு விதமாக ஆகலாம். நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்க்கும் உங்களுக்கு வறட்சி ஏற்கெனவே தொல்லை. இவ்வளவுக்குப் பிறகும், இழுத்துத் தைத்தது மாதங்கள் போகப் போகத் தளர்ந்து கீழே இறங்குவது சாதாரணம்.

வெட்டாமல் நூல் போட்டுத் தூக்கலாம் என்று அடுத்து உங்களிடம் சொல்லக்கூடும். அந்த நூல் ஆறு மாத அளவில் கரைந்துவிடும். தோல் சுருங்கி நிற்பது, நூல் முனை நெருடுவது, சீழ் பிடிப்பது என்று அதற்கும் தனித் தொல்லைகள் உண்டு.

பார்வை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிக அரிது, ஆனால் நடக்கக்கூடியது. இமை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் அழுத்தம் ஏறி பார்வை நரம்பு நசுங்கும். முதல் 24 மணி நேரத்தில்தான் இது பெரும்பாலும் வரும்: தாங்க முடியாத வலி, கண் பிதுங்குவது, பார்வை மங்குவது. உடனே தையலைப் பிரித்து, கடைக்கண்ணை வெட்டி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிற ஓர் இடத்தில் நடுராத்திரி யார் போனை எடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், யாருமே இமையில் கத்தி வைக்க விடக்கூடாது.

'பழையபடி மாற்றிவிடலாம்' என்பதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். மடிப்பைத் திரும்ப உண்டாக்கும் அறுவை இருக்கிறது. அது தழும்பின் மேல் இன்னொரு தழும்பு. பாட்டி கொடுத்த கண் அதில் திரும்ப வராது.

பணமும் கையெழுத்தும்

முதல்வர் காப்பீட்டில் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு இடமில்லை. தனியார் காப்பீடும் தராது. ஆனால் இடது இமையைப் பரிசோதிக்க எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பணமே தேவையில்லை. 1819-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். இமை, கண்ணீர்ப்பை அறுவையில் தேர்ந்தவர்களை உருவாக்குகிற இடம் அது.

18 வயது நிறைந்துவிட்டதால் சம்மதம் தருவதும் மறுப்பதும் உங்கள் உரிமை மட்டுமே. அம்மாவின் கையெழுத்தைச் சட்டம் கேட்காது. ஆனால் இரண்டு கண்ணிலும் தையலும் வீக்கமுமாக வீட்டுக்குப் போகும் ராத்திரியில் உங்களோடு ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் முடியாது.

நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் கட்டிப்போடாது. சிகிச்சை என்ன, பலன் என்ன, ஆபத்து என்ன, மாற்று வழி என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகு வாங்குவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அறுவை மேஜையில் படுத்த பிறகுகூட வேண்டாம் என்று எழுந்துவிடலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் இப்படிச் செய்யுங்கள். அறுவையை ரத்து செய்வதாகவும் பணத்தைத் திருப்பித் தரும்படியும் தேதி போட்டு எழுதி, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவான விஷயம். முழுத் தொகையும் வந்துவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன்; ஆலோசனைக் கட்டணம் என்று கொஞ்சம் பிடிக்கலாம். ஆனால் 'அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது' என்று தாளில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அழகு அறுவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உங்களுக்குச் சொன்ன 85,000-த்தில் அது சேரவில்லை என்றால் இன்னும் 15,300 ரூபாய் வரும். செயினை அடகு வைக்கப் போகும்போது இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த டாக்டரானாலும் கேட்க வேண்டியவை

அறுவை செய்யப்போகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் என்ன? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடித்து இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவரா, அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா? உங்களிடம் பேசியவர் 'கவுன்சிலர்' என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவானதா? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களைப்போன்ற தோல் நிறமுள்ளவர்களுக்கு அவரே செய்த அறுவையின் படம், அதுவும் ஒரு வருஷம் கழித்து எடுத்தது, இருக்கிறதா? கொரியப் பெண்ணின் படம் உங்கள் தழும்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

அத்தை சொன்னதும் மாப்பிள்ளை சொல்லாததும்

"அவர் ஒண்ணும் சொல்லல, அப்படின்னா அவருக்கும் அதே எண்ணம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் பார்க்கும் இடத்தில், பெரியவர்கள் நடுவில், அத்தையின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தயங்குகிற பையன்கள்தான் நம் வீடுகளில் அதிகம். அவர் எண்ணம் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நிச்சயம் முடிந்து தினமும் போனில் பேசுகிறீர்கள். "அத்தை அன்னைக்கு அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது" என்று ஒரு வாக்கியம் சொல்லிப்பாருங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"என் குழந்தையாவது இந்தப் பேச்சைக் கேக்காம வளரட்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் கனத்தது. தங்கை, அறுவை உங்கள் தோலைத்தான் மாற்றும், மரபை மாற்றாது. உங்கள் பிள்ளைக்கு இந்தக் கண் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அம்மா இதே கண்ணைக் காசு கொடுத்து வெட்டிக்கொண்டாள் என்பது அந்தப் பிள்ளைக்கு ஒருநாள் தெரியவரும்.

போனின் முன்பக்கக் கேமராவில் கைநீட்டும் தூரத்தில் எடுத்த படங்களைப் பார்த்து உங்கள் முகத்தை அளக்காதீர்கள். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பெரிதாகவும் முகத்தின் ஓரங்கள் ஒடுங்கியும் விழும். கண்ணாடி முன் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, தோழியின் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை என்கிறீர்கள். அதற்கு உதவி தேவை, அது வெட்கப்பட வேண்டியதல்ல. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கல்யாணம் முடிந்து, ஒரு வருஷம் போய், யாருடைய பேச்சும் காதில் இல்லாத நிலையிலும் உள்மூலையை மட்டும் கொஞ்சம் திறந்துகொள்ள ஆசை இருந்தால், தகுதியான இமை அறுவை நிபுணரிடம் போங்கள். நான் தடுக்கமாட்டேன். கடைக்கண்ணை மட்டும் அப்போதும் தொடவேண்டாம் என்பேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: காலை எழுந்தவுடனும், இரவு கடை மூடும்போதும், ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில், வேறொருவரை எடுக்கச் சொல்லி முகத்தைப் படம் எடுங்கள். நான்கைந்து நாள் போதும். ஓபி காலையில்தான் நடக்கும், அந்த நேரத்தில் உங்கள் இமை சரியாக இருக்கும். இந்தப் படங்கள் இல்லாவிட்டால் டாக்டருக்கு எதுவும் தெரியாமல் போகலாம். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், பழைய அடையாள அட்டை என்று கிடைப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இமை எப்போதிலிருந்து இறங்குகிறது என்பதை அவை சொல்லும். எழும்பூர் தூரமென்றால், உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கண் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன. அம்மாவிடம் கிளினிக் கதையை இப்போது சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், இமை இறங்குவதை மட்டுமாவது சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். இடையில் என்றாவது இரட்டையாகத் தெரிந்தாலோ, சாப்பாடு தொண்டையில் நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ ஓபிக்குக் காத்திருக்காமல் நேராக ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.